பிள்ளைக்கு ‘எக்ஸ்’ புரியலையா? மதுரையில் பிறந்த டி மார்கனைத் தெரிஞ்சுக்கோங்க

மரக்காணம் பக்கம் ஈசிஆரில் போனவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். சாலையோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்போரம் வெள்ளை வெள்ளையாகக் குவியல். அந்தக் கரையோரத்தில் ஏதோ ஒரு வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எக்ஸ்-னா என்னன்னு அம்மாவையோ அப்பாவையோ கேட்கும். சென்னை அடுக்குமாடியிலும் இதே கேள்விதான், துபாயில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு வரும் வீடியோ காலிலும் இதே கேள்விதான்.

ஆறாம் வகுப்பில்தான் இயற்கணிதம் அறிமுகமாகிறது. அதுவரை 7, 15, 240 என்று எண்களோடு மட்டுமே பழகிய பிள்ளை முன்னால் திடீரென்று ஓர் எழுத்து வந்து உட்கார்ந்தால் குழப்பம் வரத்தான் செய்யும். நம்மில் பலர் சொல்கிற பதில், அது ஒரு நம்பர், கண்டுபிடி என்பதுதான். பிள்ளை தலையாட்டும். ஆனால் புரிந்திருக்காது. நாலைந்து முறை இப்படிப் போனால், எனக்குக் கணக்கு வராது என்ற முடிவுக்கு அதுவே வந்துவிடும். பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும்போதும் அந்த முடிவு கூடவே வரும்.

இந்தத் திணறலை 1831-லேயே ஒரு புத்தகமாக எழுதிய பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயர் அகஸ்டஸ் டி மார்கன். ஒன்பதாம் வகுப்பில் கணங்கள் படிக்கும்போது வருகிற டி மார்கன் விதிகள் இவர் பெயரில் உள்ளவைதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் லாஜிக் கேட் பாடத்திலும் பார்த்திருப்பீர்கள். அவர் பிறந்த ஊர், நம்ம மதுரை.

மதுரைக் குழந்தை

டி மார்கன் பிறந்தது 1806 ஜூன் 27. அப்பா ஜான் டி மார்கன், கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவ அதிகாரி. கம்பெனி தென்னாட்டில் காலை அழுத்தமாக ஊன்றிக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கு முந்தைய ஆண்டு, 1805-ல்தான் மெட்ராஸ் மாகாணத்தில் உப்பைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியிருந்தது. குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆவதற்குள், ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள்.

பிறந்த கொஞ்ச நாளிலேயே குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அதற்குப் பிறகு டி மார்கன் இந்தியாவைப் பார்க்கவே இல்லை. வேலைக்காக இந்தியா திரும்பிய அப்பா, 1816-ல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். பையனுக்கு அப்போது பத்து வயது.

அம்மா வழியில் கணக்கு ரத்தம் உண்டு. அம்மாவின் முன்னோரான ஜேம்ஸ் டாட்சன் 18-ம் நூற்றாண்டில் மடக்கை அட்டவணைகள் போட்ட கணிதர். ஆனால் அம்மாவின் ஆசை, மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது.

ஸ்கேலும் காம்பஸும் வைத்து வரைந்த பையன்

பள்ளியில் டி மார்கன் பெரிய ஆளாகத் தெரியவில்லை. ஒரு கண் தெரியாததால் விளையாட்டில் சேர முடியாது. சக பையன்களின் கேலி வேறு. கணக்கில் இவனுக்குத் திறமை இருக்கிறது என்பது 14 வயதுவரை யாருக்கும் தெரியாது.

அது வெளியே வந்த விதம்தான் முக்கியம். ஒரு நாள் பையன் ஸ்கேலும் காம்பஸும் வைத்துக்கொண்டு யூக்ளிட் வடிவியல் புத்தகத்தின் படம் ஒன்றை அழகாக வரைந்துகொண்டிருந்தான். வீட்டுக்கு வந்த குடும்ப நண்பர் ஒருவர், என்ன செய்கிறாய் என்று விசாரித்தார். கணக்கு வரைந்துகொண்டிருப்பதாகப் பையன் சொன்னான். படம் எவ்வளவு சுத்தமாக வருகிறதோ அவ்வளவு நன்றாகக் கணக்கு தெரியும் என்பதுதான் அவன் நினைப்பு.

நண்பர் திட்டவில்லை, சிரித்துவிட்டுப் போகவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, படம் கணக்கு இல்லை, இந்தப் படத்தில் இது ஏன் உண்மை என்று காட்டுவதுதான் கணக்கு என்று விளக்கினார். அந்த ஒரு உட்காரலில் பையனுக்கு ஏதோ திறந்துகொண்டது. யாரும் உட்காராமல் போயிருந்தால் அவன் இன்னும் அழகாகப் படம் வரைந்திருப்பான், அவ்வளவுதான்.

நம் வீட்டிலும் இதே கதைதான். எக்ஸை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய், பிளஸை மைனஸாக்கி, சரியான விடை எழுதும் பிள்ளையும் படம்தான் வரைந்துகொண்டிருக்கலாம். ஏன் மைனஸ் ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

21 வயதில் பேராசிரியர்

1823-ல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1827 கணிதத் தேர்வில் நான்காம் இடம். ஆனால் கேம்பிரிட்ஜில் மேற்கொண்டு தொடர, இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்புக்கும் மதநம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்பது டி மார்கனின் நிலை. கையெழுத்துப் போடவில்லை. பாதை அடைபட்டது.

அப்போதுதான் லண்டனில் மத சோதனை இல்லாத புதுப் பல்கலைக்கழகம் ஒன்று திறக்க இருந்தது. இன்றைய லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் அதுதான். 1828-ல், 21 வயதில் அதன் முதல் கணிதப் பேராசிரியர் ஆனார். 1831-ல் சக பேராசிரியர் ஒருவரைக் காரணம் சொல்லாமல் நிர்வாகம் நீக்கியதும் ராஜினாமா. 1836-ல் மீண்டும் அதே பதவி. 1866-ல் மத நம்பிக்கையைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டது என்று கருதி மறுபடியும் ராஜினாமா.

வகுப்பில் அவர் முறை எளிமையானது. பாடத்தின் அடிப்படையை விளக்குவார். முடிவில் கணக்குகள் கொடுப்பார். மாணவர்கள் போட்டுக் கொண்டுவந்து தர வேண்டும். அடுத்த வகுப்புக்குள் ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்தித் திருப்பிக் கொடுப்பார். மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டுவது அவருக்குப் பிடிக்காது. போட்டித் தேர்வுகளையும் எதிர்த்தார். அவரிடம் படித்த ஐசக் டாட்ஹன்டர் பின்னாளில் எழுதிய இயற்கணிதப் பாடநூல்கள் இந்தியப் பள்ளிகள்வரை வந்து சேர்ந்தன.

இதற்கு நடுவே பென்னி சைக்ளோபீடியா என்ற மலிவு விலைக் கலைக்களஞ்சியத்துக்கு 700-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். இன்றைய வார்த்தையில் சொன்னால் அவர் ஓர் எக்ஸ்ப்ளெய்னர் எழுத்தாளர். பிளஸ் ஒன்னில் வரும் கணிதத் தொகுத்தறிதல் என்ற முறைக்கு ஆங்கிலத்தில் இன்று உள்ள பெயர் நிலைத்ததற்கு, அதில் அவர் 1838-ல் எழுதிய கட்டுரை முக்கியக் காரணம்.

எண்ணில் தொடங்கி எழுத்துக்கு

கணிதம் கற்பதும் அதில் வரும் சிக்கல்களும் பற்றி 1831-ல் டி மார்கன் எழுதிய புத்தகம், ஆசிரியர் இல்லாமல் தானே படிப்பவர்களுக்கானது. எண்கணிதம் காரணத்தோடு புரிந்த பிறகுதான் எழுத்துக்குப் போக வேண்டும், விதியை மட்டும் கொடுத்துவிட்டுக் காரணத்தை மறைக்கக் கூடாது என்பது அவர் வலியுறுத்தல்.

இதை நம்ம ஊர் உப்பளத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு குடும்பம் 12 பாத்தி பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் நம் வசதிக்குத்தான். ஒரு தடவை வாரும்போது பாத்திக்கு 3 மூட்டை என்றால் மொத்தம் 12 × 3, அதாவது 36. நல்ல வெயில் அடித்து 5 மூட்டை கிடைத்தால் 12 × 5, 60. மேகமூட்டமாக இருந்து 2 மூட்டைதான் என்றால் 24. ஐப்பசி மழையில் உப்பளம் முழுகிவிட்டால் 12 × 0, ஒன்றுமே இல்லை.

இப்படி ஏழெட்டு வரியைப் பிள்ளையையே எழுத விடுங்கள். அப்புறம் எல்லா வரியிலும் மாறாமல் இருப்பது எதுன்னு கேளுங்கள். 12-ன்னு சொல்லும். மாறிக்கொண்டே இருப்பது? பாத்திக்கு எத்தனை மூட்டை என்ற எண். மாறுவதால் அதன் பெயர் மாறி. மாறாததன் பெயர் மாறிலி. தமிழ்ப் பெயரிலேயே விளக்கம் இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. அந்த மாறுகிற இடத்தில் எக்ஸ் என்று எழுதினால் 12 × எக்ஸ். நூறு வரி எழுத வேண்டிய இடத்தில் ஒரே வரி. எழுத்து வந்தது வேலையைக் குறைக்கத்தான் என்பது இங்கே பிள்ளைக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். மொத்தம் 48 மூட்டை வந்தது, அப்போ பாத்திக்கு எத்தனை? இப்போது 12 × எக்ஸ் = 48. எக்ஸ் 4. கவனியுங்கள், எக்ஸின் வேலை மாறிவிட்டது. முதலில் அது எந்த எண்ணாகவும் இருக்கலாம். இப்போது அது ஒரே எண், நமக்குத் தெரியாத எண். ஒரே எழுத்து இரண்டு வேலை செய்வதைச் சொல்லாமல் விடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

இன்னொரு பொறி, எழுத்தைப் பொருளாக நினைப்பது. மூட்டைக்கு ‘மூ’ என்று வைத்தால், ‘மூ’ என்பது மூட்டை அல்ல. மூட்டைகளின் எண்ணிக்கை, அல்லது ஒரு மூட்டையின் எடை. ஏதோ ஓர் எண். வாழைப்பழத்துக்கு வா, மாம்பழத்துக்கு மா என்று சொல்லிக்கொடுத்தால் முதல் நாள் சுலபமாகத்தான் போகும். வாவையும் மாவையும் பெருக்கச் சொல்லும் நாளில் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

சமக்குறியும் அப்படித்தான். அதுவரை சமக்குறி என்றால் விடை எழுதும் இடம் என்றே பிள்ளை நினைத்திருக்கும். சங்க இலக்கியத்தில் உப்பு விற்பவர்கள் நெல்லுக்கு நேர் அளவாக உப்பைக் கொடுப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு படி, அந்தப் பக்கம் ஒரு படி. சமக்குறி அதுதான். ஒரு பக்கத்தில் ஒரு கை எடுத்தால் மறுபக்கமும் ஒரு கை எடுக்க வேண்டும். பிளஸ் அந்தப் பக்கம் போய் மைனஸ் ஆவது மந்திரம் இல்லை, இதுதான் காரணம்.

விடை மைனஸில் வந்தால்?

டி மார்கன் அதே புத்தகத்தில் ஒரு கணக்கு வைத்தார். அப்பாவுக்கு 56 வயது, மகனுக்கு 29. இன்னும் எத்தனை ஆண்டில் அப்பாவின் வயது மகனின் வயதைப் போல இரு மடங்காகும்?

எக்ஸ் ஆண்டு என்று வைத்தால், 56 + எக்ஸ் = 2 × (29 + எக்ஸ்). போட்டுப் பார்த்தால் எக்ஸ் = மைனஸ் 2. பெரும்பாலான பிள்ளைகள் இங்கே ரப்பரை எடுத்து அழித்துவிடும். தப்பாப் போட்டுட்டேன்னு நினைக்கும்.

தப்பு கணக்கில் இல்லை, கேள்வியில் இருக்கிறது என்று டி மார்கன் காட்டினார். இனிமேல் எப்போது என்று கேட்டோம். அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. இரண்டு ஆண்டுக்கு முன்னால் அப்பாவுக்கு 54, மகனுக்கு 27. சரியாக இரு மடங்கு. மைனஸ் விடை, நேரம் போகும் திசையைத் திருப்பச் சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1837-ல் அவர் மணந்த சோஃபியாவின் அப்பா வில்லியம் ஃப்ரெண்டும் கணிதம் தெரிந்தவர், இயற்கணித நூல் எழுதியவர். ஆனால் மைனஸ் எண்களையே ஏற்காதவர். இல்லாததை விடக் குறைவானது என்று ஒன்று எப்படி இருக்க முடியும் என்பது அவர் பக்க வாதம். நூல் எழுதிய பெரியவரே அப்படித் தடுமாறியிருந்தால், 11 வயசுப் பிள்ளை தடுமாறுவதில் என்ன ஆச்சரியம்?

ஏடா லவ்லேஸின் டியூஷன்

கம்ப்யூட்டர் வரலாற்றில் முதல் புரோகிராமர் என்று பலர் சொல்லும் ஏடா லவ்லேஸும் டி மார்கனின் மாணவிதான். 1840 முதல் தபாலில் பாடம் நடந்தது. அவருக்கு அப்போது மூன்று குழந்தைகள். ஒரே சூத்திரம் வேறு உருவத்தில் வரும்போது அது அதேதான் என்று அடையாளம் காண ஏடா சிரமப்பட்டார். சின்னச் சின்னச் சந்தேகங்களையும் எழுதிக் கேட்டார். டி மார்கன் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதித் திருத்தினார். 1843-ல் பாபேஜின் கணிப்பொறி பற்றிய ஏடாவின் புகழ்பெற்ற குறிப்புகள் வெளியாயின.

டி மார்கனும் அவர் காலத்து மனிதர்தான். ஏடாவின் திறமையைப் பெரிதாக மதித்த அவரே, இவ்வளவு கடினமான கணிதம் பெண்ணின் உடம்பைக் கெடுத்துவிடுமோ என்றும் கவலைப்பட்டார். அந்தக் கவலை எவ்வளவு தவறு என்று காலம் காட்டிவிட்டது. ஆனால் பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு வராது என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் முழுசாக ஓயவில்லை.

டெல்லியிலிருந்து வந்த புத்தகம்

1850-ல் டெல்லி கல்லூரி ஆசிரியர் ராம்சந்திரா எழுதிய ஒரு கணித நூல் கல்கத்தாவில் வெளியானது. ஒரு அளவு எப்போது மிக அதிகமாகும், எப்போது மிகக் குறையும் என்ற கணக்குகளை, நுண்கணிதம் இல்லாமல் இயற்கணிதத்தால் மட்டுமே போடும் நூல். இந்திய மாணவர்களுக்கு இயற்கணித மரபு ஏற்கெனவே சொந்தம், அந்த வழியில் போனால் சுலபமாக வரும் என்பது ராம்சந்திராவின் யோசனை. இங்கே அந்நூலுக்குப் பெரிய வரவேற்பு இல்லை.

நூல் டி மார்கன் கைக்குப் போனது. அதன் மதிப்பு அவருக்குப் புரிந்தது. கம்பெனி இயக்குநர்களிடம் பேசி, நீண்ட முன்னுரை எழுதி, 1859-ல் லண்டனில் மறுபதிப்பு வரச் செய்தார்.

ராம்சந்திரா சொன்ன மரபு சாதாரணமானது இல்லை. 1150-ல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர் உண்டு. முதல் எண்ணுக்கு, எவ்வளவோ அவ்வளவு என்று பொருள்படும் யாவத்-தாவத். அடுத்தவை கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. எக்ஸ் என்ற எழுத்தை ஐரோப்பாவில் பரவலாக்கிய தெக்கார்த்தின் நூல் வந்தது 1637-ல். ஆக எக்ஸ் என்பது ஒரு பெயர் மட்டுமே. வீட்டில் பழகும்போது பிள்ளை அதற்கு நீலம் என்று பெயர் வைத்தாலும் கணக்கு வரும்.

டி மார்கன் வயதுப் புதிர்

தன் வயது பற்றி டி மார்கன் ஒரு புதிர் போட்டார். எக்ஸ் × எக்ஸ் என்ற ஆண்டில் அவருக்கு எக்ஸ் வயது. எக்ஸ் எத்தனை?

அவர் வாழ்ந்த 19-ம் நூற்றாண்டில் பொருந்துவது 43 × 43 = 1849 மட்டும்தான். 1849-லிருந்து 43-ஐக் கழித்தால் 1806, அவர் பிறந்த ஆண்டு. அடுத்த வாய்ப்பு 44 × 44 = 1936. அதற்கடுத்தது 45 × 45 = 2025. அதாவது 1980-ல் பிறந்தவர்கள் எல்லாரும் டி மார்கன் கட்சி. வீட்டில் 1980-ல் பிறந்த மாமாவோ அத்தையோ இருந்தால், பிள்ளையை விட்டு அவர்களிடம் இந்தப் புதிரைப் போடச் சொல்லுங்கள். அதற்கடுத்த ஆண்டு எது, அதில் சேர எந்த ஆண்டு பிறந்திருக்க வேண்டும் என்பதையும் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

கடைசி ஆண்டுகள்

1865-ல் லண்டன் கணிதச் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் டி மார்கன்தான். அதற்குக் காரணமாக இருந்த இளைஞர்களில் அவர் மகன் ஜார்ஜும் ஒருவர். 1866 ராஜினாமா அவரை ரொம்பவே பாதித்தது. அடுத்த ஆண்டே ஜார்ஜ் இறந்தார். பின்னர் ஒரு மகளும் போனார். 1871 மார்ச் 18 அன்று லண்டனில் டி மார்கன் காலமானார். ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியை அவர் நாடியதில்லை. எடின்பரோ தர முன்வந்த கௌரவப் பட்டத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்று மாலை நீங்கள் செய்யக்கூடியது

- எக்ஸில் தொடங்காதீர்கள். ஒரே மாதிரியான எண் கணக்கு ஐந்தாறு எழுதவிட்டு, எது மாறுகிறது என்று கேளுங்கள். பால் பாக்கெட், பஸ் டிக்கெட், டேட்டா பேக், எதுவானாலும் சரி.
- எழுத்து எந்த எண்ணுக்காக நிற்கிறது என்பதை முழு வாக்கியமாகப் பிள்ளையைச் சொல்ல வையுங்கள். மூட்டை என்று சொன்னால் போதாது, ஒரு பாத்திக்குக் கிடைத்த மூட்டைகளின் எண்ணிக்கை என்று வர வேண்டும்.
- விடை வந்ததும் அதை எக்ஸ் இருந்த இடத்தில் வைத்து இரு பக்கமும் சமமா என்று பார்க்கச் சொல்லுங்கள். சரியா தப்பா என்று உங்களைக் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.
- மைனஸோ பின்னமோ வந்தால் உடனே அழிக்க விடாதீர்கள். முதலில் இடத்தில் வைத்துச் சரிபார்க்கட்டும். சரியாக இருந்தால், அது என்ன சொல்ல வருகிறது என்று சேர்ந்து யோசியுங்கள்.
- உங்களுக்கே மறந்துபோயிருந்தால் கவலை வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். விளக்கும்போதுதான் எங்கே இடறுகிறது என்பது பிள்ளைக்கே தெரியவரும்.